குழந்தைக்குக் கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குன்னூர்க்காரி:
பெண்ணுக்கு 4 வயது. மலத்தின் மேல் கோடு கோடாக ரத்தம், வலி கிடையாது. "பீட்ரூட் தின்னிருப்பா" என்றார் மாமியார். பீட்ரூட் என்றால் மொத்தமாகச் சிவக்குமே! கோவையில் பாலிப்பாக, அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சின்னச் சதையாக, இருக்கும் என்று தேதி கொடுத்தார்கள். குடலைச் சுத்தமாக்கும் பேதிப் பவுடரை வீட்டிலேயே கலக்கிக் கொடுத்துவிட்டு விடியற்காலையில் கிளம்பினோம். பர்லியார் வருவதற்குள் வண்டியை எத்தனை தடவை நிறுத்தினோம் என்று கேட்காதீர்கள். பழக்கடை அக்கா ஒருவர் தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டார், புண்ணியவதி. பாலிப்பைக் கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்தது எல்லாம் சீக்கிரமே முடிந்தது. மயக்க மருந்து மாஸ்க்கைப் பார்த்து அவள் கேட்டதுதான் இன்னும் காதிலேயே இருக்கிறது: "தூங்கும்போது வந்துட்டா யாரைக் கூப்பிடறது?"

ஊட்டி அப்பா:
மலை மேலேயே மருந்தைக் கொடுத்ததுதான் வம்பு. நாங்கள் முந்தின நாளே மேட்டுப்பாளையத்தில் சித்தப்பா வீட்டுக்கு இறங்கிவிட்டோம். பையன் குடிக்கவே மாட்டேன் என்றான். கடைசியில் வார்டில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் மருந்தை ஏற்றினார்கள். அப்போது என் சட்டையை அவன் பிடித்த பிடியில் பட்டன் தெறித்துவிட்டது.

குன்னூர்க்காரி:
எல்லோருக்கும் மேட்டுப்பாளையத்தில் சித்தப்பா இருக்கிறாரா சார்?

கோத்தகிரி டீத்தோட்டம்:
சண்டை வேண்டாம். என் மகனுக்குக் குடலில் அழற்சி சந்தேகம், திசு எடுத்தார்கள். முடிந்ததும் வயிறு காற்றால் உப்பியிருந்தது, டர்ரென்று ஒன்று விட்டுவிட்டு அவனே சிரித்தான். அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இரும்புச்சத்து டானிக்கைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்; மலம் கறுத்துக் குடலில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு, ஊதா ஜூஸ் கூடாது, உள்ளே பார்த்தால் ரத்தம் மாதிரி தெரியும். பால் வேண்டாம், கட்டஞ்சாயா கொடுக்கலாம். பவுடர் கரைசலைக் குளிரவைத்து ஸ்ட்ரா போட்டுக் கொடுங்கள், கொஞ்சம் இறங்கும். வெளியே போவது மஞ்சள் தண்ணீராகத் தெளியணும். கட்டியாகப் போனால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யணும். மே மாத சீசன் என்றால் இறங்கும் வண்டிகளை எங்கள் ஊர் வழியாகத் திருப்புவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம், 4 வயதானாலும் டயப்பர் போட்டுக் கூட்டிப்போங்கள்.

ஊட்டி அப்பா:
டயப்பர் சரி. மேடம், பாலிப் ஒன்றுதானா? 5-க்கு மேல் இருந்தால் மரபணுச் சோதனை வரைக்கும் போகச் சொல்கிறார்கள்.

குன்னூர்க்காரி:
ஒன்றுதான் சார். போட்டோ காட்டினார்கள், சின்ன செர்ரிப்பழம் மாதிரி. இந்த வயதில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்குமாம், புற்றும் இல்லையாம். சித்தப்பா விஷயத்தில் கோபமில்லையே?