4,10,000-க்குக் கையெழுத்துப் போடாதே

குழு: சொந்த பந்தம்

காலை 9:10

கார்த்தி: ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் வந்துவிட்டது, காரைச் சரிசெய்ய 5,60,000 ஆகுமாம். லாரி பின்னால் இடித்ததோடு விடவில்லை, முன்னால் நின்ற பஸ்ஸிலும் தள்ளிவிட்டதே, இரண்டு பக்கமும் காலி. இன்சூரன்ஸிலிருந்து ஒருவர் போன் செய்தார். "இது டோட்டல் லாஸ் சார், ரிப்பேர் கட்டுப்படியாகாது. 4,10,000 வாங்கிக்கொண்டு வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடலாம்" என்கிறார். ஒப்புதல் கடிதம் மெயிலில் வந்திருக்கிறது.

விஜயா: கழுத்து வலி எப்படி இருக்கு? அதை முதலில் சொல்.

கார்த்தி: பரவாயில்லை அம்மா. சீட் பெல்ட் இழுத்த இடம் மட்டும் கன்றிப்போயிருக்கிறது.

சுந்தரம்: வண்டியை விட்டுவிடாதே கார்த்தி. 38,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது. டிங்கர் வேலைக்கு நமக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், பாதிச் செலவில் முடித்துத் தருவார்.

ரமேஷ்: டோட்டல் லாஸ் என்றால் புது வண்டி விலையையே கொடுத்தாக வேண்டும். நேற்றுகூட ஒரு ஃபார்வர்டு வந்தது, தேடி அனுப்புகிறேன்.

மீனா: மாமா, தயவுசெய்து தேடாதீர்கள். கார்த்தி, எதிலும் கையெழுத்துப் போடாதே. ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு, எவ்வளவு? இன்ஜின் எத்தனை சிசி? ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர், என்ன இருக்கிறது? லோன் பாக்கி?

கார்த்தி: ஐடிவி 6,40,000. 1197 சிசி. ஜீரோ டெப் இருக்கிறது. லோன் 2,85,000 பாக்கி அக்கா.

மீனா: பில் விலையையே தருகிற ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற ஆட்-ஆன் இருந்திருந்தால்தான் மாமா சொன்ன கணக்கு. ஜீரோ டெப் ரிப்பேருக்குத்தான் உதவும். பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் சாதாரண பாலிசியில் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்பார்கள், ஜீரோ டெப் இருந்தால் அது இல்லை. டோட்டல் லாஸில் பாகங்களின் கணக்கே வராது, ஐடிவிதான் பேசும்.

ரமேஷ்: அப்படியென்றால் 6,40,000 வரவேண்டுமே. 4,10,000 எங்கிருந்து வந்தது?

மீனா: அதைத்தான் கேட்கவேண்டும். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பாலிசியிலேயே இருக்கிறது. 6,40,000-க்கு 75 சதவீதம் 4,80,000. எஸ்டிமேட் 5,60,000. அதில் சந்தேகமே இல்லை. 1500 சிசி வரை கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். ஆக 6,39,000 உன் உரிமை. வண்டி அவர்களுக்கு.

கார்த்தி: அவர், "மூன்று வருடம் முடிந்த வண்டி, இன்றைய மார்க்கெட்டில் ஐந்தரைதான் போகும், அதிலிருந்துதான் கழிக்க ஆரம்பிப்போம்" என்றார்.

மீனா: வாயால் சொன்னாரா, மெயிலில் எழுதினாரா?

கார்த்தி: போனில்தான்.

மீனா: எழுதமாட்டார். வயதுக்கான தேய்மானத்தைக் கழித்துத்தான் ஐடிவியே போடுகிறார்கள். இரண்டிலிருந்து மூன்று வருடம் என்றால் 30 சதவீதம், மூன்றிலிருந்து நான்கு என்றால் 40. டோட்டல் லாஸில் பாலிசிக் காலம் முழுக்க அந்தத் தொகைதான் சந்தை மதிப்பு, மேற்கொண்டு கழிக்கக்கூடாது என்று அதே பாலிசியில் அச்சடித்திருக்கிறார்கள். பிரீமியம் வாங்கும்போது ஆறு நாற்பது, கொடுக்கும்போது ஐந்தரையா? நல்ல நியாயம்.

சுந்தரம்: சரிம்மா, எஸ்டிமேட்டை 4,80,000-க்குக் கீழே இறக்கச் சொல்லி ரிப்பேராகவே போனால் என்ன? வண்டியும் நிற்கும், பணமும் அவர்கள் கொடுப்பார்கள்.

மீனா: அப்பா, கார்த்தி அனுப்பிய வண்டிப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்காவது படம். பின் கதவுக்கும் பாடிக்கும் நடுவே மேலே விரல் போகிற இடைவெளி, கீழே கதவு உரசுகிறது. கூரையைத் தாங்குகிற பில்லரே சாய்ந்திருக்கிறது. டிக்கி மேட்டைத் தூக்கி எடுத்த படத்தில் அடிச்சட்டமான சேஸிஸின் நுனி மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கிறது, வெல்டிங் புள்ளிகள் இரண்டு பிய்ந்திருக்கின்றன. எஸ்டிமேட்டைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் இதில்தான் கை வைப்பார்கள், 'மாற்று' என்பதை 'இழுத்து நிமிர்த்து' என்று எழுதிவிடுவார்கள். பெயின்ட் அடித்தால் பளபளவென்று இருக்கும். அடுத்த முறை இடி வாங்கினால் அந்த இடம் எப்படி மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் உட்காருவது பின் சீட்டில்தான்.

விஜயா: அந்த வண்டி வேண்டவே வேண்டாம்.

சுந்தரம்: அண்ணியே சொன்னபிறகு நான் என்ன சொல்ல.

பகல் 1:25

கார்த்தி: கடிதத்தை முழுசாகப் படித்தேன் அக்கா. "முழு மற்றும் இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்று ஒரு வரி. ஸ்கிராப் மதிப்பு எவ்வளவு என்று எங்கேயும் போடவில்லை.

மீனா: இந்த மெயிலை அனுப்பு. ஒன்று, சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் ரிப்போர்ட் நகல். இரண்டு, சேதமான வண்டிக்கு வந்த ஏலக் கேட்புகள், பதிவுச் சான்றான ஆர்சியோடு எவ்வளவு, ஆர்சி இல்லாமல் எவ்வளவு. மூன்று, வண்டியை ஒப்படைத்தால் என்ன தொகை, நானே வைத்துக்கொண்டால் என்ன தொகை, இரண்டும் எழுத்தில். கோபமாக எழுதாதே. கிளெய்ம் நம்பர், தேதி, இது போதும். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மெயிலின் நகல் போகட்டும், முகவரி பாலிசியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

ரமேஷ்: கொடுக்கவில்லை என்றால் கன்ஸ்யூமர் கோர்ட்டில் போட்டு இழுத்துவிடலாம்.

மீனா: அதற்கு முன்னாடி இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் போடலாம் மாமா. கம்பெனி ஒரு மாதத்தில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர். 50 லட்சம் வரை கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். ஆனால் கோர்ட்டில் வழக்கு இருந்தால் இவர்கள் எடுக்கமாட்டார்கள், அதனால் வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

கார்த்தி: ஒர்க்‌ஷாப்பில் வேறு, வண்டி நிற்பதற்கு நாள் வாடகை ஆகும் என்கிறார்கள்.

மீனா: தாமதம் யாரால் என்பதை மெயிலில் ஒரு வரி போட்டு வை. பிறகு யார் கட்டுவது என்று பேசும்போது உதவும்.

மறுநாள் மாலை 6:40

கார்த்தி: பதில் வந்துவிட்டது! ஒப்படைத்தால் 6,39,000. நானே வைத்துக்கொண்டால் 4,49,000. அதிகபட்ச ஏலமான 1,90,000-ஐக் கழித்திருக்கிறார்கள், அதன் நகலும் வைத்திருக்கிறார்கள். 4,10,000 பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ரமேஷ்: ஒரு மெயிலுக்கு 39,000 ஏறிவிட்டதா!

மீனா: ஏறவில்லை மாமா, முன்னாடி குறைத்திருந்தார்கள். கார்த்தி, ஒப்படைத்துவிடு. 6,39,000-இல் 2,85,000 முதலில் பேங்குக்குப் போகும், மிச்சம் 3,54,000 உனக்கு. பேங்கிலிருந்து ஆட்சேபணை இல்லை என்கிற என்ஓசியும், ஆர்சியில் லோன் பதிவை நீக்குகிற ஃபாரம் 35-ம் கேட்டு வாங்கு. அதுவரை இஎம்ஐ நிறுத்தாதே, சிபில் அடிபடும்.

கார்த்தி: ஏலம் எடுத்தவர் போன் செய்தார். ஆர்சியில் பெயர் மாற்றுகிற ஃபாரம் 29, 30-இல் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு, ஆதார் நகலோடு இரண்டு சாவியும் கொடுத்தால் நாளைக்கே தூக்கிக்கொள்கிறாராம். பெயரை அவர் பிறகு நிரப்பிக்கொள்வாராம்.

மீனா: கூடவே கூடாது. இதுதான் இருப்பதிலேயே ஆபத்து. வெற்று ஃபாரமில் கையெழுத்துப் போட்டால் அந்த வண்டி நிமிர்த்தப்பட்டு உன் பெயரிலேயே ரோட்டில் ஓடும். விற்றுவிட்டாலும் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்கு நஷ்ட ஈடு கட்டவேண்டும் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. உன் வண்டி எப்படியும் ஓடத் தகுதி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவில் ஆர்டிஓவுக்கு எழுதி ஆர்சியை ரத்து செய். 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்று இருக்கிறது, உடனே எழுது. லோன் இருப்பதால் பேங்க் என்ஓசி அதற்கும் வேண்டும்.

சுந்தரம்: ரத்து செய்த வண்டிக்கு ஏலக்காரர் அதே விலை தருவாரா?

மீனா: குறைப்பார் அப்பா. ஆர்சியோடு வாங்கத்தான் அதிகம் தருவார்கள், ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கார்த்தி, ஆர்சி ரத்து செய்துதான் ஒப்படைப்பேன், தொகை 6,39,000-தான் என்று கம்பெனியிடமும் எழுத்தில் உறுதி வாங்கிக்கொள். குறைகிற விலை அவர்கள் கவலை.

கார்த்தி: கிளெய்ம் எடுக்காததற்குத் தருகிற தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், புது வண்டிக்கு வருமா?

மீனா: வராது. கிளெய்ம் எடுத்தாயிற்று, திரும்பப் பூஜ்யத்திலிருந்துதான்.

விஜயா: வண்டியில் இருக்கிற சாமான் எல்லாம் எடுத்தாயா?

கார்த்தி: நாளைக்குப் போகிறேன் அம்மா.

மீனா: டேஷ்கேம் மெமரி கார்டை முதலில் எடு, லாரி இடித்தது அதில்தான் இருக்கும். ஃபாஸ்டேக்கையும் மூடச் சொல்லிவிட்டு ஸ்டிக்கரைக் கிழித்துவிடு. ஓடோமீட்டர், சேஸிஸ் நம்பர், நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள். ஒப்படைக்கும்போது தேதியும் நேரமும் போட்ட ரசீது வேண்டும்.

ரமேஷ்: அந்த ஃபார்வர்டு கிடைத்துவிட்டது, அனுப்பவா?

மீனா: மாமா!