ஊர் ஆடிட்டர் ஆபீஸை எடுத்து நடத்தலாமா, கோவை சம்பளமே போதுமா?

கொழிஞ்சாம்பாறை_சிஏ:
எல்லோருக்கும் வணக்கம். சி.ஏ. முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர ஆடிட் ஆபீஸில் சம்பளத்துக்கு இருக்கிறேன். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். எங்கள் பக்கத்தில் ஒரு வயதான ஆடிட்டர் பார்ட்னர் இல்லாமல் புரொப்ரைட்டராகவே இத்தனை காலம் ஆபீஸை நடத்திவிட்டார். பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, "நீ வந்து எடுத்து நடத்தும்மா" என்கிறார். கொப்பரை, மாங்காய் வியாபாரிகள், கஞ்சிக்கோட்டில் சில சின்ன யூனிட்டுகள், இரண்டு மூன்று டிரஸ்ட், இவ்வளவுதான் ஃபைல்கள். ஏறக்குறைய ஒரு வருட ஃபீஸை முன்பணமாகக் கேட்கிறார். வீட்டில் வேலையை விடாதே என்கிறார்கள். எனக்குச் சொந்தமாக நடத்த ஆசை. என்ன செய்யலாம்?

நாட்டுக்கல்_ஆடிட்டர்:
போங்க அம்மணி, யோசிக்கவே வேண்டாம். எல்லையில் உட்கார்ந்து தொழில் செய்கிறவனுக்கு இருக்கிற வேலை கோயம்புத்தூர்க்காரருக்கும் தெரியாது, பாலக்காடு டவுன்காரருக்கும் தெரியாது. நம்ம வியாபாரிக்குப் பொள்ளாச்சியில் ஒரு குடோன், இந்தப் பக்கம் ஒரு களம். ஆள் ஒருத்தர், பான் நம்பர் ஒன்று, ஆனால் ஜி.எஸ்.டி. சட்டப்படி இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனிப் பதிவு, இரண்டு வேறு ஆட்கள் மாதிரிதான் கணக்கு. தேங்காயாக விற்றால் வரி இல்லை, கொப்பரையானால் 5 சதவீதம். தன் களத்திலிருந்து தன் குடோனுக்கே கொப்பரை ஏற்றினாலும் பில் போட்டு மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் லாரியோடு போகும் ஆன்லைன் சீட்டான இ-வே பில்லும் வேண்டும். "என் சரக்கை நானே கொண்டுபோறதுக்கு எதுக்குங்க வரி?" என்று கேட்காத பார்ட்டி எங்கள் பக்கம் கிடையாது. அதைத் தமிழில் உட்காரவைத்து விளக்கி, நோட்டீஸ் வந்தால் மலையாளத்தில் ஆபீசரிடம் பேசத் தெரிந்தவர்கள் கைவிட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். நீங்கள் அதில் ஒருவர். அந்த இடத்தை மாதச் சம்பளத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

பீளமேடு_ஃபைனான்ஸ்:
நாட்டுக்கல் சார் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் முழுசாக எதிர்க்கிறேன். நான் பிராக்டிஸை விட்டுக் கம்பெனிக்கு வந்தவன். சின்ன ஆபீஸின் வருமானம் எதில் நிற்கிறது என்று பாருங்கள் தங்கச்சி. விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் வருமான வரிக்காகக் கட்டாயம் ஆடிட் செய்ய வேண்டும், அதுதான் டாக்ஸ் ஆடிட். வியாபாரத்துக்கு அந்த வரம்பு 1 கோடியாக இருந்தது. ரொக்க வரவும் ரொக்கச் செலவும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 2020-இல் அதை 5 கோடி ஆக்கினார்கள், அடுத்த வருடமே 10 கோடி. ஜி.எஸ்.டி.க்குத் தனியாக ஆடிட்டர் சான்று கொடுக்கும் வேலையும் 2021-இல் போனது, இப்போது வியாபாரியே ஒப்புதல் போட்டு அனுப்பிவிடுகிறார். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஒரு துண்டு உதிர்கிறது. அப்படிப்பட்ட தொழிலுக்கு ஒரு வருட ஃபீஸை முன்கூட்டியே எண்ணிக் கொடுப்பதா? மாங்காய் வியாபாரி ஃபீஸை எப்போது கொடுப்பார் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா உங்களுக்கு? சீசன் முடிந்த பிறகு, அதுவும் பாதி.

கொழிஞ்சாம்பாறை_சிஏ:
அப்படியென்றால் வேலையிலேயே இருந்துகொண்டு, சொந்தமாகத் தொழில் செய்ய இன்ஸ்டிட்யூட் தரும் சான்றிதழான சி.ஓ.பி. மட்டும் வாங்கி, சாயங்காலத்தில் அவருடைய ஃபைல்களைப் பார்த்தால் என்ன? ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் இல்லையா?

நாட்டுக்கல்_ஆடிட்டர்:
அது நடக்காது. முழுநேர வேலையில் இருந்துகொண்டு வாங்குகிற சி.ஓ.பி.யை வைத்து ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது, நம் சி.ஏ. இன்ஸ்டிட்யூட் விதி பொதுவாக அப்படி. ஆடிட்தானே அந்த ஆபீஸின் முதுகெலும்பு. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைக்க வழியில்லை.

ஆனால் பீளமேடு தம்பி முன்பணத்தைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ரொக்கம் கொடுக்காதீர்கள். முதலில் அவரோடு பார்ட்னர்ஷிப் போடுங்கள், அவர் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெறட்டும். நம் சட்டத்தில், 1949 சி.ஏ. சட்டத்தின் முதல் அட்டவணையில், ஃபீஸிலும் லாபத்திலும் வெளியாளுக்குப் பங்கு கொடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்ற பார்ட்னருக்கும், இறந்த பார்ட்னரின் வாரிசுக்கும் கொடுக்கலாம் என்று அதே இடத்தில் விலக்கும் இருக்கிறது. அதனால் வசூலாகிற ஃபீஸில் இத்தனை பங்கு இத்தனை வருடத்துக்கு என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் அவருக்கும் கௌரவம், உங்களுக்கும் கடன் இல்லை. பார்ட்டி போனால் அந்தப் பங்கும் குறையும். விலகும்போது கணக்கை எப்படி முடிப்பது என்பதையும் எழுதுங்கள். எழுதாமல், கணக்கு முடிக்காமல் ஆபீஸைத் தொடர்ந்து நடத்தினால் 1932 பார்ட்னர்ஷிப் சட்டப்படி விலகியவர் லாபத்தில் பங்கோ, தன் சொத்துப் பங்குக்கு 6 சதவீத வட்டியோ கேட்கலாம்.

இன்னொன்று, டாக்ஸ் ஆடிட் ஒருவருக்கு வருடத்துக்கு 60 என்பதுதான் இன்ஸ்டிட்யூட் வரம்பு. நீங்கள் சேர்ந்தால் ஆபீஸுக்கு இன்னொரு 60 இடம் கிடைக்கிறது.

பீளமேடு_ஃபைனான்ஸ்:
பத்திரம் எல்லாம் சரி சார். உள்ளே இருக்கிற பழைய பேலன்ஸ் ஷீட்டுகளை யார் பார்த்தது? எல்லைப் பக்கத்து கொப்பரைக் கணக்கில் பெரிய தலைவலியே ஸ்டாக்தான். சரக்கை ஈடு காட்டி வாங்கும் சி.சி. லோனுக்காக பேங்குக்கு ஒரு ஸ்டாக் கணக்கு, ரிட்டர்னில் வேறொரு ஸ்டாக் கணக்கு, இதைப் பார்க்காதவர் யார்? தங்கச்சி கையெழுத்துப் போடப்போகும் முதல் வருடத்தின் ஆரம்ப இருப்பு, போன வருடம் அந்தப் பெரியவர் ஒத்துக்கொண்ட எண்தான். 2019-க்குப் பிறகு ஒவ்வொரு அறிக்கைக்கும் யு.டி.ஐ.என். என்ற தனி எண் வேண்டும், பேங்க்காரர் அதைப் போர்ட்டலில் போட்டால் கையெழுத்துப் போட்டவர் யார் என்று வந்துவிடும். பெரியவர் பெயரால் ஓடின நம்பிக்கை இனி தங்கச்சி பெயரில் ஓட வேண்டும்.

நாட்டுக்கல்_ஆடிட்டர்:
சேர்வதற்கு முன்னால் ஃபர்ம் செய்த காரியத்துக்குப் புதிய பார்ட்னர் பொறுப்பாக மாட்டார், அதே 1932 சட்டத்தின் 31-வது பிரிவு. பயமுறுத்தாதீர்கள் தம்பி.

பீளமேடு_ஃபைனான்ஸ்:
பழைய கடனுக்குப் பொறுப்பில்லை, சரி. ஆனால் இந்த வருடக் கையெழுத்து தங்கச்சியுடையது. தப்பான ஆரம்ப இருப்பை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஒழுங்கு நடவடிக்கை வருவது அவர் பெயரில், 31-வது பிரிவு அதற்கு வராது.

வண்டித்தாவளம்_கணக்கர்:
நடுவில் நான் பேசலாமா? நான் சி.ஏ. இல்லை. பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீஸிலேயே தலை நரைத்தவன். நீங்கள் இரண்டு பேரும் பார்ட்டி யாரை நம்பி வருகிறார் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. மாதா மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் ரிட்டர்ன் 3பி. ராத்திரி பத்து மணிக்கு பர்ச்சேஸ் பில்லை வாட்ஸாப்பில் யாருக்கு அனுப்புகிறார்கள்? எங்களுக்குத்தான். அந்த ஆபீஸிலும் என்னைப் போல் ஒருத்தர் இருப்பார். எங்களை பார்ட்னராக்கச் சட்டம் இடம் கொடுக்காது, தெரியும். ஆனால் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்து தேர்விலும் தேறினால் ரிட்டர்ன் வேலையை நாங்களே செய்யலாம். அந்த ஆபீஸ் கணக்கர் கோபித்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஒரு கடை போட்டால் மாத வேலையில் பெரும்பகுதி அவர் பின்னாலேயே போகும்.

பீளமேடு_ஃபைனான்ஸ்:
அண்ணா, நான் சொல்ல வந்ததும் அதுதான். அப்போது அந்தப் பெரியவர் விற்பது எதை? பார்ட்டி கணக்கர் கையில், கையெழுத்து தங்கச்சி கையில். பெரியவரிடம் மிச்சம் போர்டு மட்டும்.

வண்டித்தாவளம்_கணக்கர்:
போர்டு மட்டும் என்று சொல்லாதீர்கள் தம்பி. நோட்டீஸ் வந்த அன்று பார்ட்டி என்னிடம் வரமாட்டார், ஆடிட்டர் ரூம் கதவைத்தான் தட்டுவார். கூட்டுறவு சர்வீஸ் சொசைட்டிகளுக்கு வருமான வரியில் 80பி (80P) கழிவை மறுத்த காலத்தில், 2021-இல் மாவிலாயி கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை எங்கள் ஆடிட்டர்தான் ஒவ்வொரு அப்பீலாக எழுதிக்கொண்டிருந்தார். அதை நான் செய்திருக்க முடியாது. இரண்டும் சேர்ந்ததுதான் ஆபீஸ். கணக்கரை மதிக்காமல் வாங்குகிற ஆபீஸ் நிலைக்காது என்பதுதான் என் பேச்சு.

கொழிஞ்சாம்பாறை_சிஏ:
எல்லோருக்கும் நன்றி. முன்பணம் தரமாட்டேன் என்று சொல்லிவிடப் போகிறேன். பார்ட்னர்ஷிப், வசூலில் பங்கு, இதற்கு அவர் சம்மதித்தால் செப்டம்பர் 30 ஆடிட் கெடு முடிந்ததும் இங்கே ராஜினாமா கொடுக்கிறேன். அதற்கு முன்னால் பெரிய ஃபைல்களின் ஸ்டாக் கணக்கையும், பேங்குக்குக் கொடுத்த ஸ்டேட்மெண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க பார்ட்டிகளிடம் சம்மதம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்பேன்.

பீளமேடு_ஃபைனான்ஸ்:
என் கருத்து மாறவில்லை, இருந்தாலும் போவதென்று முடிவானால் இதையும் கேளுங்கள்: மூன்று வருட ஃபீஸ் பாக்கிப் பட்டியல், பார்ட்டி வாரியாக. போட்ட பில் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று தனித்தனியாக. காட்டத் தயங்கினால் கோயம்புத்தூரிலேயே இருங்கள்.

நாட்டுக்கல்_ஆடிட்டர்:
பாக்கிப் பட்டியல் கேட்பது நியாயம். சண்டை இல்லாமல் கேளுங்கள், பெரியவர் மனம் நோகக் கூடாது. பத்திரம் எழுதும்போது சொல்லுங்கள், ஒருமுறை படித்துப் பார்த்துத் தருகிறேன்.

வண்டித்தாவளம்_கணக்கர்:
அந்த ஆபீஸ் கணக்கரிடம் எப்போது பேசுவீர்கள் மேடம்? ஆடிட்டர் சொல்லி அவருக்குத் தெரிவதற்கு முன்னால் நீங்களே போய்ப் பேசுங்கள், சம்பளத்தையும் சேர்த்து.