அம்மாவின் விடாத ஏப்பம்: எண்டோஸ்கோபி வேண்டுமா, வேண்டாமா?

நீலவானம்

அம்மாவுக்கு வயது 58. நான்கு மாதமாக ஏப்பம் விடாமல் வருகிறது. சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியில் உட்காருவார். தாடையைக் கழுத்தோடு ஒட்டி வைத்து, தோளைச் சற்றே தூக்குவார். ஒன்று வரும். அது ஓயும் முன்னே அடுத்தது. ஒரே மூச்சில் பதினைந்து வரை எண்ணியிருக்கிறேன். இரவில் தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் பொடி ஒன்றைக் குடிக்கிறார். உடனே பெரிதாக ஒரு ஏப்பம் வரும். "பார், எவ்வளவு கேஸ் உள்ளே இருந்திருக்கிறது" என்பார்.

அண்ணன் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை, செய்தே ஆகவேண்டும் என்கிறான். குழாயை விடும் அளவுக்கு இது நோயா என்று எனக்குத் தெரியவில்லை. பேசிப் பேசி வீட்டில் சண்டையாகிவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்பிறை

சகோதரி, முதலில் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். அம்மா போனில் பேசும்போது ஏப்பம் வருகிறதா? தூக்கத்தில் வருகிறதா?

நீலவானம்

நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். நேற்று பெரியம்மாவுடன் நாற்பது நிமிடம் பேசினார், ஒன்றுகூட வரவில்லை. போனை வைத்து ஐந்து நிமிடத்தில் மறுபடி தொடங்கிவிட்டது. தூக்கத்தில் அறவே இல்லை.

மூன்றாம்பிறை

அப்படியானால் எண்டோஸ்கோபி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நானே இரண்டு வருடம் இதில் அவதிப்பட்டவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏப்பத்தில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு விழுங்கலோடும் கொஞ்சம் காற்று இரைப்பைக்குள் போகிறது. அது சேர்ந்து இரைப்பையின் மேல்பகுதி விரிந்ததும் உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு தானாகத் திறந்து காற்றை மேலே அனுப்பும். இது எல்லோருக்கும் வருவது. ஒரு நாளைக்கு முப்பது முறை வரை வந்தாலும் இயல்புதான். அவசரமாகச் சாப்பிடுவது, சாப்பிடும்போதே பேசுவது, சூயிங்கம், ஸ்ட்ரா, சிகரெட், சரியாகப் பொருந்தாத பல்செட், சோடா கலந்த பானம் எல்லாம் இந்தக் காற்றைக் கூட்டும்.

இரண்டாவது வகையில் காற்று இரைப்பைக்குப் போவதே இல்லை. நெஞ்சுக்கூட்டை விரித்து, வெளிக்காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, அடுத்த நொடியே வெளியே தள்ளிவிடுகிறோம். செய்பவருக்கே தான் இழுப்பது தெரியாது, உள்ளே இருந்து ஏதோ வருகிறது என்றுதான் தோன்றும். தொடர் தொடராக வருவது, பேச்சில் நின்றுவிடுவது, தூக்கத்தில் இல்லாதது மூன்றும் இதன் அடையாளங்கள். தாடையை ஒட்டி வைத்துத் தோளைத் தூக்குகிறார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என்னையே கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தது.

எனக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை உணவுக்குழாயில் விட்டு, இடுப்பில் ஒரு சிறிய கருவியை மாட்டி 24 மணி நேரம் பதிவு செய்தார்கள். ஏப்பம் வரும்போதெல்லாம் பட்டனை அழுத்தவேண்டும். மறுநாள் அந்தக் கோடுகளைக் காட்டினார்கள். காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது, பாதி வழியில் திரும்புகிறது, ஒரு நொடிக்குள் வெளியேறுகிறது. வயிற்றில் கேஸ் இருக்கிறது என்று இரண்டு வருடம் மாத்திரை விழுங்கியிருந்தேன். அந்தக் கேஸ் வயிற்றுக்குப் போகவே இல்லை.

என்னைக் குணப்படுத்தியது பேச்சுப் பயிற்சி தருபவர். நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, வாயை லேசாகத் திறந்து, வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சு விடவேண்டும். அந்த நிலையில் காற்றை இழுப்பது கடினம். ஆறு வாரத்தில் முக்கால்வாசி குறைந்தது.

கடற்காற்று

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பத்து வரியை மட்டும் படித்துவிட்டு 58 வயதுப் பெண்ணுக்கு "எண்டோஸ்கோபி வேண்டாம்" என்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் அக்காவின் கணவர் ஒரு நாள் மாலை முழுக்க ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். மேல்வயிற்றில் அழுத்தம், கழுத்தெல்லாம் வியர்வை. வலி என்று அவர் சொல்லவே இல்லை, "கேஸ் அடைத்திருக்கிறது" என்றார். அதே நுரைக்கும் பொடியை மூன்று முறை குடித்தார். ஒவ்வொரு முறையும் ஏப்பம் வந்து, "கொஞ்சம் லேசாகிவிட்டது" என்றார். விடிகாலையில் மயங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். ஈசிஜியில் இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. பிழைத்துவிட்டார். ஆனால் இழந்த இதயத் தசை திரும்பி வருமா?

இதயத்தின் கீழ்ச்சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே இரைப்பை. அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று மூளையால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. சுகர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. அதனால்தான் சொல்கிறேன், ஏப்பத்தை "வெறும் பழக்கம்" என்று ஒதுக்காதீர்கள்.

மூன்றாம்பிறை

உங்கள் வீட்டில் நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் அது ஒரு மாலையில் திடீரென்று, வியர்வையோடு வந்தது. அப்படி வந்தால் பொடியைத் தேடாமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. சகோதரி கேட்டதோ நான்கு மாதக் கதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் ஏப்பம் விடுகிற ஒவ்வொருவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். பயம் கூடினால் விழுங்குகிற காற்றும் கூடும், ஏப்பமும் கூடும். நான் அதை அனுபவித்தவன்.

கடற்காற்று

மனசு, பயம், பழக்கம்! அல்சருக்கும் ஒரு காலத்தில் இதைத்தான் சொன்னார்கள். கவலைப்படாதே, காரம் சாப்பிடாதே என்று மருத்துவ உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்று காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984 இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையிலேயே அழற்சியை உண்டாக்கிக் காட்டினார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதுவரை எத்தனை பேர் "உன் மனசுதான் காரணம்" என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்? அந்தக் கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. பார்க்காமல் எப்படி விடுவது?

மூன்றாம்பிறை

மார்ஷல் அளந்து நிரூபித்தார், சரி. இதையும் அளந்துதான் சொல்கிறார்கள். 2004 இல் நெதர்லாந்தில் பிரெடெனூர்ட் என்ற மருத்துவரின் குழு, நான் சொன்ன அதே குழாயை வைத்து இந்த இரண்டு வகை ஏப்பத்தையும் பிரித்துக் காட்டியது. கவனம் வேறு பக்கம் போகும்போது ஏப்பம் குறைவதையும் பிறகு பதிவு செய்தார்கள். பழக்கம் என்றால் பொய் என்றோ நடிப்பு என்றோ அர்த்தம் இல்லை. தசை தவறாகக் கற்றுக்கொண்ட பாடம் அது. கற்றதை மாற்றவும் முடியும்.

பைலோரிக்கு எண்டோஸ்கோபியே தேவையில்லை. மூச்சை ஊதிச் செய்யும் பரிசோதனை இருக்கிறது, மலப் பரிசோதனையும் இருக்கிறது.

மழைக்குருவி

நடுவில் நுழைகிறேன். எனக்கு வந்த ஏப்பத்தில் அழுகிய முட்டை நாற்றம். சுகருக்கு வாரம் ஒருமுறை போடும் ஊசியைத் தொடங்கிய பிறகு வந்தது. அந்த ஊசி இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், உணவு தேங்கி நிற்கும் என்று மருத்துவர் விளக்கினார். அளவைக் குறைத்ததும் போய்விட்டது. அம்மாவுக்கு நாற்றம் உண்டா? புதிதாக ஏதாவது மருந்து தொடங்கினாரா?

வெள்ளைமல்லி

நான் எண்டோஸ்கோபி பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இரண்டு பக்கமும் படித்தேன்.

ஏப்பம் மட்டுமே தொல்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எண்டோஸ்கோபியில் எதுவும் தெரியாது. தெரியவும் முடியாது, ஏனென்றால் ஏப்பம் ஓர் அசைவு, கேமரா காட்டுவது உட்சுவரை. அந்த வகையில் மூன்றாம்பிறை சொல்வது சரி. ரிப்போர்ட் நார்மல் என்று கொடுத்தால் சிலர் ஏமாற்றத்தோடு போவார்கள், அடுத்த வருடம் மறுபடி வருவார்கள்.

ஆனால் நான் முதலில் கேட்பது ஏப்பத்தைப் பற்றி இருக்காது. கூட என்ன இருக்கிறது என்று கேட்பேன். எடை குறைந்ததா? விழுங்கும்போது எங்காவது நிற்கிறதா? மலம் தார்போலக் கருப்பாகப் போகிறதா? வாந்தி, அதிலும் முந்தின நாள் சாப்பிட்டது அப்படியே வருகிறதா? ரத்தசோகை உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தொடர் ஏப்பம், போன், தூக்கம் எதுவும் கணக்கில் வராது.

வயதைப் பொறுத்தவரை, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குச் செரிமானக் கோளாறு புதிதாக வந்தால் எண்டோஸ்கோபி, அதற்குக் குறைவாக இருந்தால் முதலில் பைலோரி பரிசோதனை என்று 2017 இல் அமெரிக்க, கனடா இரைப்பை குடல் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து சொன்னன. இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள இடங்களில் இந்த வயதைக் குறைத்தே வைப்பார்கள். 58 என்பது விளிம்பு. எனவே அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வார். அதோடு விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பொடியைப் பற்றி ஒன்று. அதில் இருப்பது சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும். தண்ணீர் பட்டதும், பிறகு இரைப்பை அமிலத்தோடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு வரும். அம்மா காட்டுகிற அந்தப் பெரிய ஏப்பம் பெரும்பாலும் பொடியே உண்டாக்கியது. உள்ளே அடைத்திருந்த கேஸ் வெளியேறியதற்கு அது சாட்சி இல்லை.

கடற்காற்று

இதை எல்லோரும் படிக்கவேண்டும். எங்கள் வீட்டில் அந்த இரவு நாங்கள் ஏமாந்தது இதில்தான். ஏப்பம் வந்ததே, கேஸ்தான் என்று நம்பினோம். மூன்று முறை நம்பினோம்.

தனிவழி

எனக்குப் பிறந்ததிலிருந்தே ஏப்பம் வராது. உணவுக்குழாயின் மேல்முனையில் உள்ள வால்வு, காற்று மேலே வரத் திறக்காது. மாலையானால் வயிறு பானைபோல் ஆகிவிடும், கழுத்துக்குள் தவளைபோலச் சத்தம் வரும். 2019 இல்தான் பாஸ்டியன் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக எழுதினார், அந்தத் தசையைத் தளர்த்த போடாக்ஸ் ஊசி போட்டால் சரியாகிறது. போட்டுக்கொண்டேன். முதல் ஏப்பம் வந்த அன்று அழுதுவிட்டேன். ஏப்பத்தைப் பகையாக மட்டும் பார்க்கிறீர்களே என்றுதான் எழுதினேன்.

நீலவானம்

நேற்று இரவு அம்மாவிடம் பேசினேன். முதலில் "ஒன்றும் இல்லை" என்றார். வெள்ளைமல்லி சொன்னதுபோல் விடாமல் கேட்டேன்.

புதிய மருந்து ஏதும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆனால் மோதிரம் கழன்று விழுகிறது என்று அதில் நூல் சுற்றி வைத்திருக்கிறார். எடை பார்த்தோம், போன வருடத்தைவிட ஐந்து கிலோ குறைவு. கெட்டியான உணவு நெஞ்சுக்குழியில் நின்றுவிடுகிறதாம். தண்ணீரைக் குடித்து, ஏப்பம் விட்டு விட்டுத்தான் இறக்குகிறாராம். இரண்டு மாதமாகக் கூழாகவே சாப்பிட்டிருக்கிறார். பல்வலி என்று எங்களிடம் சொல்லியிருந்தார், நாங்களும் நம்பிவிட்டோம். தானாகவே ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை வாங்கித் தினமும் போட்டிருக்கிறார்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் ஏப்பத்தை எண்ணினேன், தட்டைப் பார்க்கவில்லை.

மூன்றாம்பிறை

சகோதரி, நான் முதலில் எழுதியதை விட்டுவிடுங்கள். எண்டோஸ்கோபி வேண்டும், இந்த வாரமே வேண்டும். பேச்சில் ஏப்பம் நிற்கிறது என்பதை வைத்து வேறு எதுவும் இல்லை என்று முடிவு கட்டியது என் தவறு. விழுங்கியது நிற்கும்போது அதை இறக்கத்தான் அந்த இழுப்பையே அம்மா கற்றுக்கொண்டிருக்கலாம். கடற்காற்று, நீங்கள் தடுத்தது நல்லதாயிற்று.

கடற்காற்று

நான் இதயத்தைப் பற்றித்தான் பேசினேன், விழுங்குவதைப் பற்றி எனக்கும் தோன்றவில்லை. சகோதரி, பயப்படாதீர்கள். விழுங்குவது தடைப்படுவதற்குப் புற்றுநோய் மட்டும் காரணமில்லை. அமிலம் எதுக்களித்து எதுக்களித்துத் தழும்பேறி உணவுக்குழாய் சுருங்கினாலும் இப்படி ஆகும், அதை விரித்துவிட முடியும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

நீலவானம்

வியாழக்கிழமை காலைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அண்ணன் கூட வருகிறான். அம்மா பயந்துதான் இருக்கிறார். நுரைப்பொடியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். ஆசிட் மாத்திரையையும் நிறுத்தவா?

வெள்ளைமல்லி

நீங்களாக நிறுத்தாதீர்கள். எத்தனை நாளாக, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று எழுதி, அட்டையையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் பைலோரி இருந்தும் பரிசோதனை இல்லை என்று காட்டலாம். அதற்காக இரண்டு வாரம் நிறுத்தச் சொல்வதுண்டு, ஆனால் அம்மா விஷயத்தில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், முதலில் உள்ளே பார்க்கட்டும். கெட்டியான உணவு நிற்கிறது என்பதைப் போனிலேயே இன்று சொல்லிவிடுங்கள், வெறும் வயிற்றில் எத்தனை மணி நேரம் இருக்கவேண்டும் என்பது அதைப் பொறுத்து மாறும்.

குழாய் உள்ளே போகும்போது மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். எச்சிலை விழுங்க முயலவேண்டாம், ஓரமாக வழியட்டும், துடைத்துவிட ஆள் இருப்பார்கள். காற்று ஊதிப் பார்ப்பதால் ஏப்பம் வரும். அடக்கவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.