தண்டவாளக் கரையும் குளத்து வரத்தும்

கேள்வி: காங்கேசன்துறை ரயில் பாதையோரம் மாரி வெள்ளம் ஒரு பக்கம் தேங்குது, மறுபக்கக் குளம் நிரம்புதில்லை. முதலில் எதைப் பார்க்கிறது?

பதில்: தண்டவாளத்துக்குக் கீழால தண்ணி கடக்கிற மதகின்ர அடிமட்டம். யாழ்ப்பாண நிலம் தட்டை, சரிவு குறைவு. வாய்க்கால் தளத்தைவிட மதகு ஒரு சாண் உயர்ந்தாலே தண்ணி கடக்காது. போருக்குப் பிறகு திரும்பப் போட்ட பாதை, கரை உறுதியாத்தான் இருக்கும், தேங்கின வெள்ளம் லேசில அதை ஊடறுக்காது. மதகு ஒன்றுதான் வழி. உருளுற சல்லி, மண், பிளாஸ்டிக் போத்தல் அதின்ர வாயை அடைக்கும். ஐப்பசிக்கு முன்னம் இரண்டு வாயும் துப்புரவாக்கவேணும்.

பதில்: அனுமதியில்லாமல் தண்டவாளக் காணிக்குள்ள இறங்காதேங்கோ. பிரதேச செயலகத்துக்கும் விவசாய அலுவல் பார்க்கிற கமநல சேவை நிலையத்துக்கும் எழுதுங்கோ. மழைநேரப் படம், கிலோமீற்றர் கல் இலக்கம் கட்டாயம்.

பதில்: கரையில களைநாசினி அடிக்கவேண்டாம் என்றும் கேளுங்கோ. சுண்ணக்கல் வெடிப்பால அது கிணத்துக்கே இறங்கும். புல்லை வெட்டினால் போதும்.