திரைப்பதிவில் மாட்டிய தொடுகோடு

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 2020இல் பள்ளி மூடியிருந்தபோது செய்முறை வடிவியலை ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலியில் வரைந்து, திரையைப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்புவேன். அப்போது வீடியோவுக்கு 16 எம்பிதான் வரம்பு. பன்னிரண்டு நிமிடப் பாடத்தை மூன்றாக வெட்டினால்தான் போய்ச் சேரும். பள்ளி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆனால் இப்போது பதிவு செய்வது பிள்ளைகள்.

போன மாதம் ஒரு கணக்கு: ஆரம் 3 செ.மீ., மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடுகள். ஒரு பையன் அனுப்பிய படம் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. நீளமும் 4 செ.மீ., சரி. முழு மதிப்பெண் போட்டுவிட்டு, அப்புறம்தான் அவன் பதிவை ஓட்டிப் பார்த்தேன்.

மையத்தையும் வெளிப்புள்ளியையும் இணைக்கும் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு போட்டு, நடுப்புள்ளியை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைவதுதான் பாடநூல் முறை. அந்த மையக்குத்துக்கோட்டையே அவன் தொடவில்லை. ஓரத்தில் 25 கழித்தல் 9, பதினாறு, நாலு என்று முணுமுணுக்கிறான். வெளிப்புள்ளியை மையமாக வைத்து 4 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். அது வெட்டிய இடங்களைப் புள்ளியோடு இணைத்துவிட்டு, அந்த வட்டத்தை மறைத்துவிட்டான்!

பாடநூல் முறை இல்லை. ஆனால் தொடுகோடு தொடுகோடுதான். பித்தாகரஸ் தேற்றம் பையனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. "பரீட்சையில் நடுப்புள்ளி வட்டத்தோடு வரைப்பா, திருத்துகிறவர் நான் இல்லை" என்றேன். ஏன் அந்த வட்டம் என்று கேட்டான். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதை அன்றைக்குத்தான் அவனுக்கு ஒழுங்காகச் சொன்னேன்.

•

சார், நான் தமிழாசிரியை. செய்யுளின் சீர்களை அசை பிரித்து வாய்பாடு சொல்லும் அலகிடுதலுக்கும் இதே வழிதான். விடைத்தாளில் "உலகு" என்ற கடைசிச் சீருக்குப் புளிமா என்று எழுதியிருப்பார்கள், சுழித்துவிட்டுப் போய்விடுவோம். பதிவில் கேட்டால், "உல நிரை, கு நேர், புளிமா" என்று படு தைரியமாகச் சொல்கிறாள் ஒரு பிள்ளை. அசை பிரிக்கத் தெரிகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் குற்றியலுகரத்தில் முடிந்தால் காசு, பிறப்பு வாய்பாடு என்பதுதான் மறந்துபோயிருக்கிறது. அசையே பிரிக்கத் தெரியாததற்கும் இப்படி மறந்துபோனதற்கும் ஒரே சிவப்புச் சுழி போட்டிருக்கிறேன், இத்தனை வருடமாக.

ஒரு எச்சரிக்கை. பதிவை ஆரம்பிக்கும் முன் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். நான் தளை (சீரோடு சீர் சேரும் முறை) சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையின் மேலே "மாவு புளிச்சுப்போச்சு, தோசைக்கு வேற வாங்கிட்டு வா" என்று மாமியாரின் செய்தி வந்து நின்றது. கவனிக்காமல் குழுவில் போட்டுவிட்டேன். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மிஸ், மாவு வாங்கிட்டீங்களா?"

•

மிஸ், என் கதை வேறு. நாற்பது நிமிடம் பேசி முடித்த பிறகுதான் மைக் அணைந்திருந்தது தெரிந்தது. திரும்பப் பேசினேன். பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அனுப்பியது அதைத்தான்.