லண்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் நாத்திகத் தோழர்களுக்கு: நம் ஆட்களை எங்கே தேடுவது?

ஹாரோவிலிருந்து எழுதிய தம்பிக்கு,

குடிவந்து ஐந்து மாதமாகிறது, சனி ஞாயிறு வந்தால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை, தமிழர்கள் யார் அழைத்தாலும் கோயிலுக்குத்தான் அழைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பொள்ளாச்சியில் அப்பாவின் சைக்கிளில் உட்கார்ந்து பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போய் வளர்ந்தவர் நீங்கள். அந்த ஒரு வரி என்னை உலுக்கிவிட்டது. நான் திருச்சிக்காரி. இங்கே வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் நானும் இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகள் உங்களுக்கு வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டில் கடவுள் இல்லை என்று சொல்வது ஒரு செய்தியே அல்ல. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 37.2 விழுக்காட்டினர் ‘மதம் இல்லை’ என்று குறித்தார்கள். அலுவலகத்தில் சொல்லிப் பாருங்கள். ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எதிர்ப்பும் இருக்காது, ஒட்டுறவும் வராது. நம் ஊர் நாத்திகம் வேறு வயிற்றில் பிறந்தது. கருவறைக்குள் யார் போகலாம், தெருவில் யார் நடக்கலாம், யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்ற கேள்விகளிலிருந்து கிளம்பியது அது. சாமி இல்லை என்று உங்கள் அப்பா சொன்னபோது சாதி இல்லை என்றும் சேர்த்துத்தான் சொன்னார். இங்குள்ளவர்கள் அதைச் சொன்னபோது திருச்சபையோடும் அரசோடும் வழக்காடினார்கள். இரண்டும் பெரிய போராட்டங்கள்தான், ஆனால் ஒன்றல்ல. இதை அறியாமல் போனதால்தான் முதல் கூட்டத்திலேயே நான் மனம் சோர்ந்து திரும்பினேன்.

அந்தக் கூட்டம் ஹோபர்ன் நிலையத்துக்கு அருகே, ரெட் லயன் சதுக்கத்தில் இருக்கும் கான்வே ஹாலில் நடந்தது. 1929இல் திறக்கப்பட்ட கட்டடம். அதை நடத்தும் சங்கத்தின் வேர் 1787 வரை போகிறது. நல்ல நூலகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவுகளும் இசை நிகழ்ச்சிகளும் பல காலமாக நடக்கின்றன. நான் போன நாளில் முக்கால்வாசிப் பேர் நரைத்த தலைகள். நம் நிறத்தில் நான் ஒருத்திதான். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தேன். இரண்டாம் முறையும் அப்படியே. நான்காம் முறை போனபோது, பேச்சு முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். கை தூக்கினேன். எட்டெட்டாக அடுக்கிச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தபோது, மறுபக்கம் பிடித்திருந்த பெரியவர் என் பெயரைக் கேட்டார். அதிலுள்ள ழகரம் அவருக்கு வரவில்லை. நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, நாக்கை எங்கே மடிப்பது என்று என்னிடமே கேட்டு, மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் வாசலிலேயே, ழகரத்தோடு, பெயர் சொல்லி அழைத்தார்.

ஆகவே தம்பி, கேட்பவராகப் போகாதீர்கள். வேலை கேட்டுப் போங்கள். தேநீர் ஊற்றுவதோ, பதிவேட்டில் பெயர் எழுதுவதோ, ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பதோ, எதுவாக இருந்தாலும் சரி. ஒரே இடத்துக்கு விடாமல் ஆறு மாதம் போங்கள். வாரம் ஒரு புதுக் குழுவென்று அலைந்தால் எந்த இடத்திலும் வேர் பிடிக்காது.

இங்குள்ள அமைப்புகளில் பெரியது ஹியூமனிஸ்ட்ஸ் யுகே. கடவுள் இல்லாமலே அறத்தோடு வாழலாம் என்பவர்களைத்தான் இங்கே ஹியூமனிஸ்ட், அதாவது மனிதநேயர், என்கிறார்கள். 1896இல் தொடங்கியது. பல ஊர்களில் உள்ளூர்க் குழுக்கள் உண்டு. நேஷனல் செக்யுலர் சொசைட்டி 1866இல் சார்லஸ் பிராட்லா தொடங்கியது. அரசும் மதமும் பிரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை. மேலவையில் இன்றும் 26 பிஷப்புகள் பதவியின் பேரால் அமர்ந்திருக்கிறார்கள் என்பது தெரியுமா? இரண்டு அமைப்புகளும் அதை எதிர்க்கின்றன. லெஸ்டர் பக்கம் இருப்பவர்கள் ஹம்பர்ஸ்டோன் கேட் தெருவில் 1881இல் திறந்த செக்யுலர் ஹாலைப் பார்க்காமல் விடாதீர்கள். பாட்டும் கைதட்டலும் குழந்தைகளின் சத்தமுமாக நடக்கும், கடவுள் இல்லாத ஞாயிறு கூடுகையான சண்டே அசெம்பிளி 2013இல் லண்டனில் தொடங்கியது. எனக்கு அது ஒட்டவில்லை. என் தோழி ஒருத்திக்கு அதுதான் உயிர்.

பிராட்லாவின் பெயரைச் சொன்னதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் நாம் விருந்தாளிகள் அல்ல என்பதை எனக்கு உணர்த்தியது அதுதான். 1880இல் நார்தாம்ப்டனில் வென்ற அவரை, நாத்திகர் என்பதால் நாடாளுமன்றத்தில் அமர விடவில்லை. மறுபடி மறுபடி தேர்தலில் வென்று, 1886இல்தான் இடம் பெற்றார். கடவுள் பெயரில் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி கூறலாம் என்ற 1888ஆம் ஆண்டுச் சட்டம் அவர் முயற்சி. அதே 1880களில் சென்னையில் இலௌகிக சங்கம் என்ற நாத்திகச் சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்று தமிழிலும் ‘தி திங்கர்’ என்று ஆங்கிலத்திலும் இதழ் நடத்தி, இதே பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்தார்கள். பெரியார் குழந்தையாக இருந்த காலம் அது. சென்னையில் அச்சுக்கோத்துக்கொண்டிருந்த அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அந்த உரிமை ஒருநாள் உங்களுக்கும் பயன்படும். குடியுரிமை விழாவில் கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது மனச்சாட்சிப்படி உறுதி கூறலாம். எது வேண்டும் என்று கேட்பார்கள். என் விழாவில் இரண்டு அட்டைகளை நீட்டினார்கள். உறுதிமொழி அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றபோது, திருச்சியில் அப்பா நீதிமன்றக் கூண்டில் நின்று ‘மனச்சாட்சிப்படி’ என்று அழுத்திச் சொன்னது காதில் கேட்டது. குரல் உடைந்துவிட்டது.

*

‘வெள்ளைக்காரர்களுக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியவில்லை, அவர்களோடு என்ன பேசுவது’ என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

சரியான கேள்வி. தெரியாதுதான். நாம்தான் சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் மதத்தைப் போலவே மதமின்மையையும் பாதுகாக்கிறது. சாதியைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் முடிவு செய்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டுவிட்டு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. சாதியைப் பேண இங்கேயும் திருமணத் தரகர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்கும்போது ‘ஊரில் எந்தப் பக்கம்’ என்று துருவும் குரல் இங்கேயும் கேட்கிறது. என் உள்ளூர் மனிதநேயக் குழுவில் இதைப் பற்றி 20 நிமிடம் பேசினேன். அன்றுவரை மதம் என்றால் தேவாலயம் மட்டுமே என்று நினைத்திருந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். சாதி எதிர்ப்பு இயக்கங்களில் சேருங்கள். தலித் தோழர்கள் முன்னின்று நடத்துபவை அவை. அங்கே போனால் முதலில் வாய்மூடிக் கேளுங்கள், குறிப்பாக நாம் பிற சாதியில் பிறந்தவர்களாக இருந்தால்.

பிரிம்ரோஸ் ஹில் அருகே 10, கிங் ஹென்றிஸ் ரோடு வீட்டுக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். படிப்புக் காலத்தில், 1921-22இல், அம்பேத்கர் தங்கியிருந்த வீடு அது. மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவில்லமாக்கியிருக்கிறது. தம்பி, உங்கள் மகளையும் அழைத்துப் போங்கள்.

*

இனிக் கோயிலுக்குப் போகும் நம் தமிழர்கள். தம்பி, அவர்களை விலக்காதீர்கள். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இங்கே முதலில் கிடைத்த கூரை பல வேளைகளில் கோயில் மண்டபம்தான். அங்கேதான் சோறு கிடைத்தது, வேலை பற்றிய தகவல் கிடைத்தது, காணாமல் போனவர்களைப் பற்றிய செய்தி கிடைத்தது. அவர்கள் கும்பிடும்போது நீங்கள் கும்பிட வேண்டாம். தேர்த் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நின்று தண்ணீர் கொடுங்கள். உங்கள் நாத்திகம் கரைந்துவிடாது. அதே மண்டபத்தில் ஒரு பெண்ணை அவமதித்தாலோ, சாதி பேசினாலோ, அப்போது உங்கள் குரலுக்கு மதிப்பிருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இறந்தார். இளமையில் இடதுசாரி. சடங்கு எதுவும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். மனைவி பக்தர். பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் தவித்தார்கள். மனிதநேய முறையில் இறுதி நிகழ்வு நடத்திக் கொடுப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இங்கே உண்டு. அப்படி ஓர் அம்மையார் வீட்டுக்கே வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஐயாவின் வாழ்க்கையைக் கேட்டு எழுதிக்கொண்டார். மயானத்தில் கிடைத்தது நாற்பது நிமிடம். பெட்டியின் மேல் அவருடைய பழைய மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு பனையோலைப் பெட்டி. மகன் தமிழில் பேசினார், பேத்தி ஆங்கிலத்தில். கடைசியில் ஐயாவின் மனைவி எழுந்து போய்ப் பெட்டியைத் தொட்டுத் தன் வழக்கப்படி கும்பிட்டார். யாரும் தடுக்கவில்லை. அந்த அம்மையார் ஒதுங்கி நின்று இடம் விட்டார். வந்திருந்த கோயில்காரர்களில் இருவர் என்னிடம் அவருடைய தொடர்பு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

திருமணம் மட்டும் கவனம். மனிதநேயத் திருமணம் ஸ்காட்லாந்தில் 2005 முதலும் வட அயர்லாந்தில் 2018 முதலும் செல்லும். இங்கிலாந்தில் அதை நடத்தினாலும் பதிவு அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சி 1967இலேயே சட்டம் இயற்றியது. இந்த ஒன்றில் நம் ஊர் முந்திக்கொண்டது.

*

தம்பி, மகளின் பள்ளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் தினசரிக் கூட்டு வழிபாடு சட்டப்படி இன்னும் உண்டு. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் விலக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தையைத் தனியறையில் உட்கார வைப்பதைவிட, வீட்டில் உட்கார்ந்து ‘சிலர் இப்படி நம்புகிறார்கள், நாங்கள் நம்பவில்லை, நீ பெரியவளானதும் நீயே யோசி’ என்று சொல்வது மேல் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவள் நட்சத்திரமாக நின்றாள். அட்டையில் நான்தான் வெட்டிக் கொடுத்தேன். நீங்கள் வேறு முடிவு எடுத்தாலும் அது உங்கள் உரிமை. ஆனால் சர்ச் சார்ந்த பள்ளியில் இடம் கிடைப்பதற்காக, நம்பிக்கையில்லாமல், சர்ச்சுக்குப் போய்க் கடிதம் வாங்காதீர்கள். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மதக் கல்வி பற்றிக் கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்லும் குழு ஒவ்வொரு பகுதியிலும் உண்டு. மனிதநேயர் என்பதற்காக ஒருவரை அதில் முழு உறுப்பினராக ஏற்க மறுத்தது தவறு என்று 2023இல் கென்ட் கவுன்சில் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செயல்பட விரும்புகிறேன் என்கிறீர்களே, சத்தமில்லாத, பலன் தரும் வேலை இது. விண்ணப்பியுங்கள்.

இன்னொரு வேலை குருதிக்கொடை. தெற்காசியக் கொடையாளர்கள் தேவை. ஆண்கள் 12 வாரத்துக்கு ஒருமுறை, பெண்கள் 16 வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஊருக்குப் போய்வந்தால் சில மாதம் பொறுக்க வேண்டும். பெரியார் பிறந்தநாளான செப்டம்பர் 17க்கு ஏழு பேராகப் போய்க் கொடுத்தோம். மேடையில்லை, மாலையில்லை. முடிந்ததும் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

*

தனிமடலில் எழுதிய சகோதரருக்கு. பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து மதத்தை விட்டவர்களுக்கு வரும் அபாயம் வேறு, அதை மற்ற நாத்திகர்கள் இலேசாகப் பேசக் கூடாது. 2017 மார்ச்சில் கோவையில் நாத்திகரான தோழர் ஃபாரூக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2007இல் தொடங்கிய கவுன்சில் ஆஃப் எக்ஸ்-முஸ்லிம்ஸ் ஆஃப் பிரிட்டன், ஹியூமனிஸ்ட்ஸ் யுகேயின் ஃபெய்த் டு ஃபெய்த்லெஸ் ஆகிய இரண்டும் உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கின்றன. வீட்டாரிடம் இப்போதே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. வேலை, வாடகை, தனி வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு உங்கள் கையில். இவை முதலில். மிரட்டல் வந்தால் போலீசிடம் சொல்லுங்கள், தயங்காதீர்கள். அதேநேரம் ஒருவர் மதத்தை விட்ட கதையை வைத்து முஸ்லிம்கள் மேல் வெறுப்பு வளர்க்க நினைப்பவர்கள் இந்த நாட்டில் உண்டு. அவர்கள் நீட்டும் கையைப் பிடிக்காதீர்கள்.

மற்றவர்களும் சமூக ஊடகத்தில் படம் போடும்போது கவனமாக இருங்கள். லண்டனில் எழுதியது ஊரில் உடனே வாசிக்கப்படும். மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்குப் போட அங்கே சட்டப் பிரிவு இருக்கிறது. பழைய 295ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. உங்கள் அம்மா அப்பாவின் வாசலில்தான் ஆட்கள் வந்து நிற்பார்கள். கூட்டுப் படம் என்றால் எல்லோரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தம்பி, வரும் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஆர்ச்வே நிலைய வாசலில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுகிறோம். ஹைகேட் கல்லறைத் தோட்டத்துக்கு நடை. மார்க்ஸ் இருக்கும் கிழக்குப் பகுதியில்தான் ‘செக்யுலரிசம்’ என்ற சொல்லை உருவாக்கிய ஹோலியோக்கும் இருக்கிறார். உள்ளே போக டிக்கெட் உண்டு. என் தோழி ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்து சேர்ந்துகொள்வாள். புளியோதரை அவள் பொறுப்பு. உங்கள் மனைவி, மகள் இருவரையும் அழைத்து வாருங்கள். பாதை சேறாக இருக்கும், குழந்தைக்கு நல்ல பூட்ஸ் போடுங்கள்.