கிருமிநீக்கத் துணைவிளைபொருளா, பின்விளைபொருளா?

வணக்கம் ஐயா.

குடிநீரில் கிருமியைக் கொல்லப் போடும் மருந்தால் உண்டாகும் வேண்டாத வேதிப்பொருள்களுக்கு (disinfection by-product) நீங்கள் சொன்ன 'குளோரின் துணைவிளைபொருள்' என்ற தமிழ்ச்சொல் பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். பெரம்பூரில் ஒரு சிறிய நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அறிக்கையில் அடிக்கடி எழுத வேண்டிய சொல் என்பதால் சும்மா விட மனமில்லை.

முதலில், 'குளோரின்' வேண்டாம். ஏரித் தண்ணீரில் மக்கிய இலைதழையின் கரிமப் பொருள் கரைந்திருக்கும். குளோரின் அதோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும். சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரிக்கு இது சரி. ஆனால் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கினார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு, உப்பைப் பிரிக்கும் சவ்வைத் தாண்டியும் கொஞ்சம் வந்துவிடும். அதில் குளோரின் போட்டால், குளோரோஃபார்முக்குப் பதில் அதன் புரோமின் வடிவமான புரோமோஃபார்ம் வரலாம். கிருமிநீக்கத்துக்கு ஓசோன் போட்டால், குளோரினே இல்லாமல் அந்தப் புரோமைடிலிருந்து புரோமேட் என்ற வேறொரு பொருள் வரும். ஆகவே 'கிருமிநீக்க' என்று தொடங்குவோம்.

அடுத்து 'துணை'. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகும் துணைவிளைபொருள்தான், ஆனால் அதை விற்கலாம். நம் பொருளை யாரும் விரும்பி உண்டாக்குவதில்லை. அதோடு, இது நீர்ச் சுத்திகரிப்பு ஆலையிலேயே முடிகிற வினையும் இல்லை. வண்ணாரப்பேட்டைக் குழாயில் மாதிரி பிடிக்கும்போது புட்டியில் தயோசல்ஃபேட் போட்டு மீதிக் குளோரினைக் கொல்லாவிட்டால், கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் இந்தப் பொருள்களின் அளவு ஏறிவிடும். குழாயிலும் வீட்டுத் தொட்டியிலும் அப்படியே. பின்னால் பின்னால் விளைந்துகொண்டே இருப்பதால், என் முன்மொழிவு: கிருமிநீக்கப் பின்விளைபொருள்.

---

அம்மா, வணக்கம். காரணம் ஏற்கத்தக்கது. ஆனால் 'பின்விளைவு' காதில் விழுந்தாலே மக்கள் மிரள்வார்கள். ஏற்கெனவே "தண்ணியில மருந்து வாடை" என்கிறார்கள். குளோரினே வேண்டாம் என்று போனால் வாந்திபேதிதான் வரும்.

---

அந்தக் கவலை எனக்கும் உண்டு ஐயா. இந்தப் பொருள்களுக்குப் பயந்து கிருமிநீக்கத்தில் குறை வைக்கக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் அந்த வாடை மீதிக் குளோரினுடையது. அதைக் குழாயடியிலேயே சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்துச் சொல்லிவிடலாம். குளோரோஃபார்ம் போன்ற இந்தப் பொருள்களுக்கு அப்படி முடியாது. குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பிய புட்டியும் கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவியும் (gas chromatograph) வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்று தெரிய, அறிக்கையில் தனித்தனி வரியாகப் போடலாம். சொல்லுக்குப் பக்கத்தில் அளவையும் இந்தியத் தரநிலையின் வரம்பையும் சேர்த்து எழுதினால் மிரட்சி குறையும் என்று நம்புகிறேன்: குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், புரோமோஃபார்முக்கு 0.1.

உங்களுக்குச் சம்மதமானால் அடுத்த அறிக்கையிலிருந்தே 'பின்விளைபொருள்' என்று எழுதத் தொடங்குகிறேன்.